பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்

"அப்பாவை இன்னிக்குச் சாயங்காலமே எடுத்துடணும்ங்கறாங்க. அதுக்குள்ள வந்துடுவியாப்பா?" ஃபோனில் அம்மாவின் குரல் அழுது ஓய்ந்திருந்தது.

"பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்மா. பறக்கறதே பதினாலு மணி நேரம். நடுவுல ஃப்ளைட் மாற இன்னும் எட்டு மணி நேரம்."

டிக்கெட் போடும் ஆபீசில் எட்டு வருடம் குப்பை கொட்டியவன் அவன். எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"நேரா வர்ற ஃப்ளைட் இல்லையா?"

"அதுல ஒரு வாரத்துக்கு இடமே இல்லம்மா. எனக்காகக் காத்திருக்காதீங்க. தம்பியை வெச்சு முடிச்சிடுங்க."

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருஷமா, ஞாயித்துக்கிழமை ஆனா உங்கப்பா பஸ் ஏறிடுவாருப்பா. நாப்பது நிமிஷம்தான். நீ இருக்கிற ஜெயில் வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பாரு. உள்ள வந்தா நீ கூனிக் குறுகிப் போயிடுவேன்னு அப்படியே திரும்பிடுவாரு."

அவன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பக்கத்தில் நின்ற காவலர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அதிகாரிங்க கால்ல விழுந்தாவது கேளுப்பா. கையில விலங்கோட வந்தாலும் பரவாயில்ல. இன்னிக்கு ஒரு நாள் நீ வந்து அவரைப் பாரு."