உனாவா, ஊவன்னாவா

மணி அடிக்கிறது என்றன திரையில் இருந்த கைகள்.

அவள் கைப்பேசியைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருந்தாள். பேசுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே.

காலை பதினொரு மணி. வெயில் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. ஆத்தா செத்து இருபத்து மூன்று நாள் ஆன வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். பெற்ற தாயை ஆத்தா என்பதுதான் அவர்கள் வழக்கம்.

திரையில் இருந்த பெண்ணின் பெயர் ஜெயசீலி என்று கீழே போட்டிருந்தது. எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ. காது கேளாத இவள் சைகையில் சொல்வதை எதிர்முனைக்குக் குரலில் சொல்வாள். எதிர்முனையின் குரலைச் சைகையாகத் திருப்பித் தருவாள்.

இன்னொரு சேவையும் இருந்தது. அதில் பேச்சை எழுத்தாகத் தட்டி அனுப்புவார்கள். அதை விட்டு இதை எடுத்தது ஒரே ஒரு விதிக்காக. காதில் விழுவது அத்தனையும் கைக்கு வந்துவிடும். நாய் குரைத்தால் நாய். எதிராளி பெருமூச்சு விட்டால் பெருமூச்சு. இந்த அறையின் சத்தமும் அப்படியே அந்தப் பக்கம் போகும்.

எதிர்முனையில் அண்ணன் மென்று விழுங்கினால் தெரிந்துபோகும் என்று கணக்குப் போட்டாள்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி.

அவள் பெயர் உமையாள். அது ஆத்தா வாயில் எப்படி வந்தது?

ஆத்தா கூப்பிடும்போது உதடு குவியும். மூடும். திறக்கும். உமை என்றாலும் அப்படித்தான். ஊமை என்றாலும் அப்படித்தான். முப்பத்தெட்டு வருஷம் அந்த உதட்டைப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

தெரு கூப்பிட்டது ஊமை என்று. அதில் சந்தேகமே இல்லை. தெரு சிரித்துக்கொண்டே கூப்பிட்டது. ஆத்தா சிரிக்க மாட்டாள்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வாய் கூசாமல் சொல்கிறார்களே, ஊதினவன் என்ன ஊதினான் என்று அந்தச் செவிடனுக்கு ஒருத்தராவது சொன்னார்களா?

அண்ணனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பார்த்தாள். அவன் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற ஆள். அவன் தட்டும் லட்சணத்தில் உமையும் ஊமையும் ஒன்று. பாவி, பதிலும் அப்படியே வந்தது.

அதனால்தான் இன்றைக்கு இந்த அழைப்பு.

மணி அடிக்கிறது.

மணி அடிக்கிறது.

ஜெயசீலியின் கைகள் நின்றன. கண் அவள் தோளுக்கு மேலே போனது.

உங்கள் பக்கம் யாரோ பேசுகிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இங்கே யாருமில்லை. தெருவில் தயிர்க்காரி போவாள்.

இல்லை. அறைக்குள். வயதான அம்மா குரல். உங்களைக் கூப்பிடுகிறார்.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவள் விடவில்லை. திரும்பினால் திரை போய்விடும். திரை போனால் குரலும் போய்விடும்.

எடுப்பாரில்லாமல் மணி ஓய்ந்தால் அழைப்பும் அறுந்துவிடும். ஜெயசீலி அடுத்த ஆளிடம் போய்விடுவாள். அண்ணே, எடுத்துத் தொலையேன்.

என்னவென்று கூப்பிடுகிறார்? அவள் கைகள் கேட்டன. எழுதிக் காட்டுங்கள். உனாவா, ஊவன்னாவா?

ஜெயசீலி காதில் இருந்ததை அழுத்திப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வேலையில் சுத்தம். விரலைத் தூக்கிக் காற்றில் எழுதினாள்.

சுழித்தாள். இழுத்தாள்.

உ.

பக்கத்தில் ஒரு ள வந்தால் போச்சு. ஜென்மத்துக்கும் போச்சு.

விரல் இறங்கியது.

மறுபடி ஏறியது. மை.

ஐயோ, உமை! அத்தனை வருஷமும் உமையா? அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொள்ளி வைத்த அன்றைக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாளே. பெற்றவளை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறாள்.

அண்ணன் எடுத்துவிட்டார் என்றன கைகள்.

அவருக்கு மூச்சு வாங்குகிறது என்றாள் ஜெயசீலி. பிறகு அவன் பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“யாரு அங்கிட்டு? அச்சு அசல் ஆத்தா கொரலா இருக்கு.”

அவள் கண்ணீரோடு தலையாட்டினாள்.

“ஆத்தா இல்ல அது. ஆத்தா உசுரோட இருந்தமட்டும் உன்னய ஒருநாளாச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கா? எந்திரிச்சு வெளிய வா மொதல்ல!”

கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆத்தா வாயில் வந்தது ஊவன்னாதான்.



ஜெயசீலியின் கண் மறுபடி தோளுக்கு மேலே போய் அங்கேயே நின்றது. இன்னும் கூப்பிடுகிறார் என்றாள். இப்போது உங்களுக்குப் பக்கத்தில்.

உமை. உமை.

வாசல் கதவு நாலே எட்டில் திறந்து கிடந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பவுமில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கைகளை உயர்த்தினாள்.

அண்ணனிடம் போனை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என் பக்கத்தில் இருப்பவரை, இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள்.