சுவாவுக்குப் போன டிஸ்க்

லோபாக்கில் இருந்த அந்தச் சிறிய அலுவலகம், எஸ்டேட்டுகளுக்குச் சம்பளக் கணக்கு புரோகிராம் எழுதி விற்றது. அதைத் திருத்தும்போதெல்லாம் கணினியில் ஏற்றித்தர, அங்கே புரோகிராம் எழுதும் மணியம் எஸ்டேட் எஸ்டேட்டாக மோட்டாரில் போவான். இவ்வாண்டு அவனே அந்த அலைச்சலை ஒழித்தான். புதிய டிஸ்க்கைச் செருகினால் போதும். வேலை தானாக முடியும். தடங்கல் வந்தால் செய்ய வேண்டியதைத் திரையே விளக்கும்.

"எல்லாரும் சொந்தமா ஏத்திக்கிறாங்க. சுவா எஸ்டேட் மட்டும் ஏன்லா மாசாமாசம் உன்னைக் கூப்பிடுது?" என்றார் முதலாளி சொக்கப்பன். "அங்க கணக்கு எழுதுற கிராணிப் பொண்ணை மாத்தச் சொல்லி மானேஜர்கிட்ட பேசப் போறேன்."

"வேணாம் பாஸ். வள்ளிநாயகி நல்லா வேலை செய்யறவங்க."

சொக்கப்பன் சுவாவுக்குரிய டிஸ்க்கை எடுத்துத் தம் கணினியில் செருகினார். எதுவும் தானாக நடக்கவில்லை. 'தவறு' என்ற ஒற்றைச் சொல்லோடு திரை நின்றுவிட்டது.

"இதுல மட்டும் ஏன் பழசே இருக்கு?"

மணியம் சட்டைப் பொத்தானைத் திருகினான். சொக்கப்பனுக்குப் புரிந்தது.

"உன் ஆசைக்கு அவ வேலை போயிருக்கும். சரியான டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடு. உண்மையையும் சொல்லு."

அன்று மாலையே மணியம் சுவாவுக்குப் போய்ச் சொன்னான். வள்ளிநாயகி குறுக்கிடாமல் கேட்டாள்.

"பக்கத்து எஸ்டேட் டிஸ்க்கை வாங்கி, மாசாமாசம் நானே ஏத்திக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க விளக்கம் நல்லாப் புரிஞ்சுச்சு."

"அப்ப நான் வந்து ஏத்தினது?"

"நீங்க வர்ற அன்னிக்குக் காலையில அழிச்சு வச்சிடுவேன்."