கெய்ட்டாக்கள் எல்லாரும் அடிமைகள்

வெள்ளைக் கார் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நாசிராவுக்கு ஓட வழியில்லை.

பின்சுவர் ஏறிக் குதிக்கலாம். குதித்தால் கறிக்கடை ஸான் குலிபாலியின் முற்றத்தில்தான் விழ வேண்டும். அவரைப் பிடித்துக்கொண்டு போகத்தான் கார் வந்திருக்கிறது என்பது அவருக்கே இன்னும் தெரியாது. ஆடு உரித்துக்கொண்டிருந்தார். பாட்டு வேறு.

எல்லாம் நாசிராவின் வாயால் வந்தது.

பெல்ஜியத்திலிருந்து தொண்டு செய்ய வந்து இவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள் எலோடி. ஒரே கிண்ணத்தில் எல்லாரும் கைவிட்டுச் சாப்பிடுவதால் வேளைக்கு இரண்டு முறை கை கழுவுகிற ஊருக்கு, கை கழுவச் சொல்லிக்கொடுக்க வந்தவள். ஊரும் பொறுமையாகக் கற்றுக்கொண்டிருந்தது.

பத்து நாள் முன்னால் அப்பா அவளுக்குத் தன் குடும்பப் பேரையே கொடுத்து ஃபந்தா கெய்ட்டா ஆக்கினார். விஷயம் காதில் விழுந்ததும் ஸான் கத்தியும் கையுமாக வந்துவிட்டார்.

"அடியே கெய்ட்டா! காராமணி தின்னி! என் அடிமைக் கூட்டத்துல வெள்ளையாவும் ஒண்ணு பொறந்துடுச்சா? நாளைக்கு வந்து என் ஆட்டுக் கொட்டகையக் கூட்டுடி!"

முற்றமே சிரித்தது. அப்பாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

கெய்ட்டாவும் குலிபாலியும் எதிர்ப்பட்டால் இப்படித்தான். பாட்டன் பூட்டன் காலத்து முறை. கெய்ட்டாக்களைக் கேட்டால், அடிமையும் காராமணி தின்னியும் குலிபாலிகள்தான். ஒருநாள் திட்டாமல் போனால், என்ன கோபமோ என்று வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

என்ன சொல்கிறார் என்று எலோடி பிரெஞ்சில் கேட்டாள். வகுப்பில் பிரெஞ்சில் முதலாவதாக வரும் நாசிரா ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"நாம எல்லாரும் அவரோட அடிமைங்களாம்."

விளையாட்டு என்று சேர்த்துச் சொல்லவில்லை. மழை நனைக்கும் என்று யாராவது விளக்குவார்களா?

எலோடியின் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெளுப்பு என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கே அவள் தலைநகர் பமாகோவில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாள். அதை இன்று காலைதான் சொன்னாள், நாசிராவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப.

"பயப்படாத. உங்களையெல்லாம் மீட்க ஆள் வருது."

நாசிரா பயப்பட ஆரம்பித்ததே அப்போதுதான். இனி சொன்னதை விழுங்க முடியாது. சொன்னது இவள், மாட்டப்போவது ஸான் மாமா.

காரிலிருந்து இறங்கிய அதிகாரி கையில் ஓர் அட்டை வைத்திருந்தார். அட்டையில் ஒரு படிவம். நலம் விசாரித்து, ஆடுகளையும் விசாரித்து முடித்ததும், யாராக இருந்தாலும் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார். குடும்பப் பேர் என்ன?

"கெய்ட்டா," என்றார் அப்பா.

அதிகாரியின் முகம் மெல்ல விரிந்தது.

"கெய்ட்டாவா? அல்லாவே! ஒரு அடிமை வீட்டுக்கா இவ்ளோ பெட்ரோல் செலவு பண்ணி வந்தேன்? நான் குலிபாலிய்யா!"

"அதான பாத்தேன். கார் வர்றதுக்கு முன்னாடியே காராமணி நாத்தம் வந்துச்சு!"

சத்தம் கேட்டு ஸானும் வந்து சேர்ந்தார். அதிகாரி படிவத்தை உரக்கப் படித்தார். இந்த வீட்டில் அடிமை முறை உண்டா? ஆம், இல்லை.

ஸான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆம்னு போடுங்க சார்! பூனை உட்பட மொத்தக் குடும்பமும்னு போடுங்க!"

"பூனை இவரு வீட்டு ஆளு சார். கறி திருடற புத்தியப் பாத்தா தெரியல?" என்றார் அப்பா.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாசிராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரையும் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. இவளும் சிரித்தாள், மற்றவர்களைவிடச் சத்தமாக. எலோடி மட்டும் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி 'இல்லை'க்கு நேராகப் பேனாவைக் கொண்டுபோன நேரத்தில் விருந்தாளிக்குத் தண்ணீர் வந்தது. குவளையை இரண்டு கையாலும் நீட்டியவளுக்குப் பதினோரு வயது இருக்கலாம்.

அவருக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"நீ எந்தக் குடும்பம்டா கண்ணு? நீயும் எங்க அடிமைதானா?"

சிறுமி நாசிராவின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

ஸான் எழுந்து சட்டையில் ஒட்டாத மண்ணைத் தட்டினார். அப்பா டீயை ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினார், பிறகு அதையே திரும்ப ஊற்றினார்.

மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பெண். அந்த ஆள் திரும்பி வரவே இல்லை. வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுவாள். எல்லாரும் தின்று முடித்த கிண்ணத்தைக் கழுவப்போகும்போது வழித்துத் தின்பாள். தெருவே ஒருவரையொருவர் திட்டிக் கொஞ்சுகிற ஊரில், அவளை மட்டும் யாரும் கேலி செய்ததில்லை. கேலி செய்யக் குடும்பப் பேர் தெரிய வேண்டுமே.

நாசிராவும் கேட்டதில்லை.

அதிகாரி வாயிலிருந்த சிரிப்பு போய்விட்டது. பேனா தாளில் படாமல் அப்படியே நின்றது. குவளையை இன்னும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

எலோடி நாசிராவின் காதருகே குனிந்தாள்.

"உன் தங்கச்சிகிட்ட ஏதோ கேட்டாரே, என்ன கேட்டாரு? ஏன் எல்லாரும் சிரிக்கிறத நிறுத்திட்டீங்க?"