ஒற்றைக்காது முயலின் முன்கதை

மழைக்கு ஒதுங்கிய நேரத்தில், நரியின் ஆலமரத்தடியில் ஆமை ஒரு கதை சொன்னது. புலியை ஏமாற்றிய ஒற்றைக்காது முயலின் கதை. காடே விழுந்து விழுந்து சிரித்தது. யாருடைய மரத்தடியில் கதை சொல்லப்படுகிறதோ, அவருக்கே கதை சொந்தம் என்பது அந்தக் காட்டு வழக்கம். மழை அவசரத்தில் ஆமைக்கு அது நினைவில்லை.

மறுவாரமே நரி அறிவித்தது. “முயலுக்குக் காது போனது எப்படி? நாளைக்கு நம்ம கிளி சொல்லும்!”

ஆமை பதறியடித்துக்கொண்டு கிளம்பியது. வந்து சேரவே சாயங்காலமாகிவிட்டது.

“வேண்டாம்பா. அதை நான் வேணும்னுதான் சொல்லாம விட்டேன்.”

“உங்க பேரைத்தான் முதல்ல சொல்லப்போறோம், அண்ணே.”

“அதுதான்பா பயமா இருக்கு.”

மறுநாள் கிளி கதையைச் சொன்னது. முயலைச் சிங்கம் துரத்தியது, முதலை கவ்வியது, கழுகு தூக்கியது. நடுவில் அணில் குறட்டை விட்டது. நரி அதை உலுக்கி எழுப்பியது.

“இவ்வளவு ஆபத்து நடக்குது, தூங்குறியே?”

“அவனுக்கு என்ன ஆகப்போகுது? ஆமையண்ணன் கதையில உயிரோட வர்றானே!”

நரி சளைக்கவில்லை. அடுத்து முயலின் அப்பா கதை, அதற்கப்புறம் தாத்தா கதை என்று போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி மழை வந்தது. ஆமை வெட்டவெளியில் நின்று புதுக்கதை ஒன்றைத் தொடங்கியது. காடே சொட்டச் சொட்ட நனைந்தபடி சுற்றி உட்கார்ந்திருந்தது. கிளியும் சத்தமில்லாமல் அங்கே போய்விட்டது.

மரத்தடியில் தனியாக நின்ற நரி கத்தியது. “உள்ள வாங்கண்ணே, சளி பிடிச்சுக்கும்!”

“நனைஞ்சா காய்ஞ்சிடும்பா” என்றது ஆமை.