கன்னத்தில் ஒதுக்கிய பாதாம்

கிறிஸ்துமஸ் அரிசிக் கஞ்சியில் ஒரே ஒரு பாதாம் போடுவது எங்கள் நார்வே வழக்கம். கிடைத்தவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பானை காலியாகும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. பரிசு, சர்க்கரையில் செய்த பன்றிக்குட்டி மிட்டாய்.

உலகப் போர் நடந்த நாற்பத்திரண்டில், நடு அட்லாண்டிக்கில், எங்கள் சரக்குக் கப்பலிலும் சமையற்காரர் ஆன்ஃபின் அப்படித்தான் போட்டார். கரி தள்ளும் ஐலர்ட் வாயைத் திறக்காமல் சிரித்துவிட்டு, வேலை நேரமென்று கொதிகலன் அறைக்கு இறங்கினான். பானை பாதிகூடக் காலியாகவில்லை, டார்பிடோ தாக்கியது. நான்கு பேர் பிழைத்தோம்.

போருக்குப் பின், இந்த வருஷத்தோடு இருபது கிறிஸ்துமஸ், ஆன்ஃபின் வீட்டில் கூடினோம். ஐலர்டுக்கும் ஒரு காலிக் கிண்ணம் வைப்போம். ஆன்ஃபின் எங்கள் கண்முன்னேதான் பாதாமைப் போடுவார். ஒரு வருஷமும் யாருக்கும் கிடைத்ததில்லை.

"முழுங்கிட்டியாடா?" என்பார் என்னிடம்.

"உங்க கஞ்சியில பல்லுல படறதெல்லாம் கல்லுதானேண்ணே!"

இந்த வருஷம் பானையைச் சுரண்டி முடித்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இனிமே என்னால ஆகாதுப்பா. இதுதான் கடைசி. டேய் ஐலர்ட், பானை காலிடா. வாயைத் திற."

சிரித்தோம். ஐலர்டின் காலிக் கிண்ணத்தில் கலகலவென்று சத்தம் கேட்டது.

எண்ணினேன். இருபத்தொரு பாதாம், எல்லாமே ஈரமாக. ஒன்று மட்டும் கரி படிந்து கறுத்திருந்தது.

ஆன்ஃபின் பன்றிக்குட்டியை அந்தக் கிண்ணத்தருகே நகர்த்தி வைத்தார்.