வீடு பூட்டியிருந்தது

முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடி, கூரியர் மெஷின் பிடித்த கையை இன்னும் நீட்டினான்.

"நீங்கள் முகவரியிலிருந்து எழுபத்தொரு மீட்டர் தொலைவில் இருக்கிறீர்கள்" என்றது மெஷின்.

ஐம்பதுக்குள் வர வேண்டும். வந்தால்தான் பெட்டியைக் கொடுத்ததாக அது ஒப்புக்கொள்ளும்.

முகவரி ஏரிக்கு நடுவில் இருந்தது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. நிஜத்தில் அந்த இடத்தில் ஆகாயத்தாமரை. அதன்மேல் ஒரு கொக்கு.

முகவரிக்குரிய வீடு அவனுக்குப் பின்னால், கரையில் இருந்தது. நீலக் கதவு. போன பொங்கலுக்கு அவனே அடித்த நீலம்.

அவனுடைய வீடு.

இன்னும் ஓர் அடி வைத்தான். சேறு காலை இழுத்தது.

"எழுபது மீட்டர்."

அதற்கு மேல் பள்ளம். திரும்பினான்.

வாசலில் மகள் நின்றிருந்தாள். கையில் ஃபோன். பெட்டியை வாங்கச் சொல்ல வேண்டிய நான்கு இலக்க எண் அதில் வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதை அவன் கேட்கவே இல்லை. எண்ணைப் போடும் பக்கத்தை மெஷின் திறந்தால்தானே கேட்பதற்கு.

பெட்டிக்குள் இருந்தது ஷூ. அடியில் ஆணி வைத்த ஓட்டப்பந்தய ஷூ. நாளை காலை ஏழு மணிக்கு அவளுக்கு மாவட்டப் போட்டி. எண்ணூறு மீட்டர்.

எதிர்வீட்டு டெய்சியக்கா படியில் உட்கார்ந்து முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் ஏரியில் இறங்கியதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா, கொக்குக்கு எதுனா பார்சலா?"

அவன் பேண்ட்டைப் பிழிந்தான்.

"என் மிக்ஸி ஜாரும் இப்டிதான போச்சு. வூடு பூட்டியிருந்துச்சுன்னு போட்டுக்கினு போய்ட்ட. நான் இதே படியில குந்திகினுதான் இருந்தேன். இன்னிக்கும் உன் பையிலதான இருக்குது?"

"மெஷின் எடுக்கலக்கா."

"அன்னிக்கும் அதான் சொன்ன."

அதைத்தான் சொன்னான்.

இந்தத் திங்கட்கிழமைதான் அலுவலகத்தில் ஆளுக்கொரு மெஷின் கொடுத்தார்கள். தேநீரும் சமோசாவும் கொடுத்தார்கள். அலைச்சல் குறையும், தவறு குறையும் என்றார்கள். மெஷினின் வரைபடத்தில் இந்தத் தெருவும் பக்கத்துத் தெருவும் ஏரிக்குள் இருந்தன. தவறு என்று சொல்ல அதில் ஒரு பொத்தானும் இல்லை.

இந்த வாரத்தில் மட்டும் பதினோரு வீடுகளைப் பூட்டியிருக்கிறான்.

அலுவலகத்துக்கு ஃபோன் போட்டான். கோகுல் எடுத்தான். முப்பது பேரின் மெஷினையும் மேசையிலிருந்து பார்ப்பவன்.

"ப்ரோ, லொகேஷன் அங்கதான் காட்டுது. அங்கயே போய் குடுத்துடுங்க."

"அது தண்ணி கோகுல். ஏரி."

"அப்ப கஸ்டமரை அங்க வரச் சொல்லுங்க ப்ரோ."

"கஸ்டமர் என் பொண்ணு. நான் என் வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

மறுமுனையில் யாரோ தட்டச்சு செய்வது கேட்டது.

"நீங்க வீட்ல இல்லன்னுதான் இங்க காட்டுது."

அவன் பெட்டியை மறு கைக்கு மாற்றினான்.

"பூட்டியிருந்துச்சுன்னு போட்டுடுங்க ப்ரோ. திங்கக்கிழமை மறுபடி வரும்."

திங்கட்கிழமை.

கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். செவ்வாயன்று அப்படித்தான் செய்தான். பக்கத்துத் தெருவில், கால் வீங்கிய டெய்லர் ஒருவர், இன்சுலின் பெட்டி. சாயங்காலம் அலுவலகக் கணக்கில் ஒரு பெட்டி குறைந்தது. காரணத்தைச் சொன்னான். எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு முறை குறைந்தால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றார்கள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். மகள் ஆர்டர் போட்டிருந்தாலும் அதன்மேல் அவன் பெயர்தான் இருந்தது.

'வீடு பூட்டியிருந்தது' பொத்தானை அழுத்தினான்.

"மூடிய கதவைப் படம் எடுக்கவும்" என்றது மெஷின்.

மகளைப் பார்த்தான். ஃபோனில் பேசியதையெல்லாம் அவள் கேட்டிருந்தாள்.

"கதவ சாத்திக்கோம்மா."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பான். அவளிடம் இல்லை, யாரிடமாவது.

நீலக் கதவு மூடியது. படம் எடுத்தான்.

"வாசலில் காலணி தெரிகிறது. வீட்டில் ஆள் இருக்கலாம். மீண்டும் எடுக்கவும்."

படியின் ஓரத்தில் அவளுடைய பழைய ஷூ வெயிலில் கிடந்தது. இடது ஷூவின் நுனி பிளந்திருந்தது. போன வாரம்தான் தூக்கிப்போடச் சொல்லியிருந்தான். இப்போது அதில் பசை தடவி, நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது.

பசை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

அவன் குனிவதற்குள் கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. வலது ஷூவை எடுத்தது. பிறகு இடது ஷூவை, நூல் அவிழாமல், அடியில் கை கொடுத்து எடுத்தது.

கதவு மூடியது. இந்த முறை தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

படம் எடுத்தான்.

"நன்றி. வீடு பூட்டியிருந்தது எனப் பதிவானது. அடுத்த முகவரிக்குச் செல்லவும்."

திரையைப் பார்த்தான். அடுத்தது மிக்ஸி ஜார்.

திரும்பினான். டெய்சியக்கா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான். சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

அவள் முறத்தைக் கையில் எடுத்தாள்.

அதை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். சிதறிய வெங்காயச் சருகைக் காலால் ஒதுக்கினாள். படியில் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்திக்கொண்டாள்.