வயல் எலி வீட்டு முகப்பு

வயல் எலிக்குக் குடும்பம் பெருகிவிட்டது. வரப்புக்குள் இருந்த பழைய வளையை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்து, அந்தப் பக்கம் பேர்போன ஆர்க்கிடெக்டான நண்டைத் தேடிப் போனது.

"முதல்ல உங்க வீட்டைக் காட்டுங்க சார்."

"அது வாசல்லதான் நிக்கிறீங்க" என்றது நண்டு.

எலி குனிந்து பார்த்தது. கோரைப்புல்லுக்குக் கீழே ஒரு பொந்து. சொந்த வீட்டையே இப்படி வைத்திருக்கிறாரே என்று அதற்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேறு ஆள் கிடைக்காததால் கூட்டி வந்தது.

நண்டு ஈரமண்ணில் பிளான் போட்டது. குட்டிகளுக்கு ஓர் அறை, நெல்லுக்கு ஓர் அறை, ஆபத்து வந்தால் ஓட ஒரு பின்வழி.

"முகப்பு எங்க சார்?" என்றது எலி.

"வளைக்கு எதுக்குங்க முகப்பு?"

"போறவங்க வர்றவங்க நின்னு பார்க்க வேண்டாமா? வாசல் நல்லா அகலமா இருக்கட்டும். இடம் பத்தலைன்னா அந்தப் பின்வழியை எடுத்துடுங்க."

நண்டு எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. கடைசியில், "உங்க வீடு, உங்க இஷ்டம்" என்று கட்டிக் கொடுத்தது. வாசலைச் சுற்றி வெள்ளை நத்தை ஓடுகள் பதித்தார்கள்.

குடிபுகுந்த அன்றே வாசலில் ஒரு நிழல் விழுந்தது. எலி பெருமையாக மனைவியைப் பார்த்துவிட்டு, "யாருங்க?" என்று குரல் கொடுத்தது.

"தினமும் இந்த வழியாத்தான் போறேன். இங்க ஒரு வீடு இருக்கிறதே தெரியாமப் போச்சே!" என்று சாரைப்பாம்பு தலையை உள்ளே நீட்டியது. "வாசல் நல்ல விசாலம். நெளியாமலே வர முடியுது."